நிழலைக் காக்கும் தாளும் சட்டமும்

ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு சங்கச் செயலாளர் அவர்கள் பணித்தார்கள். மன்னர் வரலாறும் போர் வரலாறும் எழுதவல்ல புலவர் பெருமக்கள் நம் காலனியில் உளர். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் நாம், எல்லார் வீட்டுக் கூடத்திலும் தொங்கிக்கொண்டிருந்தும் எவரும் வரலாறு கேளாத ஒரு பொருளை எடுத்துக்கொண்டோம். அதுவே நிழற்படம். படம் பிடித்த கதையை அன்று. பிடித்த நிழலைத் தாளில் அச்சிட்ட கதையையும், அந்தத் தாளைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிய கதையையுமே ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

இதில் கூறுவதற்கு என்ன இருக்கிறது என அன்பர்கள் எண்ணக்கூடும். நம் இல்லங்களிலுள்ள படங்களைச் சற்றே உற்று நோக்கினால் ஒரு புதிர் தோன்றும். பாட்டனார் பாட்டியார் திருமணக் கோலத்தில் 1950-களில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் இன்றும் கண்ணும் மூக்கும் தெளிவாக விளங்குகின்றது. நம் குழந்தைப் பருவத்தில், 1980-களில், கூடுதற் பொருள் செலவிட்டு எடுத்த வண்ணப் படமோ செம்மண் நிறமாகி மங்கிக் கிடக்கின்றது. மூத்தது வாழ, இளையது மாய்வானேன்? காமிராவின் குற்றமா? காலத்தின் குற்றமா? இரண்டுமன்று. படத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது அது அச்சிடப்பட்ட தாளும், அது அடைக்கப்பட்ட சட்டமுமே என்பதுதான் நாம் கண்ட முடிவு. அதற்குச் சான்று வரலாற்றில் நிரம்ப உண்டு.

தாளில் நின்ற நிழல்

1839-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19-ஆம் நாள், தகேர் என்பார் கண்ட நிழற்பட முறை பாரிசு நகரில் உலகறிய வெளியிடப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் உருவம் பதியும் முறை அது. அந்தப் படம் மிக நுட்பமானது. ஆயினும் ஒன்றே ஒன்றுதான் கிட்டும், அதிலிருந்து படிகள் எடுக்க இயலாது. விரல் பட்டாலே உருவம் கெடும். ஆகையால் அதனைக் கண்ணாடியால் மூடி, விளிம்புகளைத் தாள் நாடாவால் ஒட்டி, சிறு பேழையில் வைத்தே வழங்கினார்கள். நிழற்படம் பிறந்தபோதே கண்ணாடியும் சட்டமும் அதனோடு உடன்பிறந்தன எனலாம்.

அக்காலத்திலேயே இங்கிலாந்தில் டால்பட் என்பார் தாளின்மீது நிழலை நிறுத்தும் வழியைக் கண்டு, 1841-ஆம் ஆண்டில் தம் முறைக்கு உரிமை பெற்றார். ஒளி இருளாகவும் இருள் ஒளியாகவும் தோன்றும் 'நெகட்டிவ்' என்னும் எதிர்ப்படத்தை முதலில் தாளில் எடுத்து, வெள்ளி உப்புப் பூசிய மற்றொரு தாளின்மீது அதனை வைத்து, மரச் சட்டத்தில் அழுத்தி, வெயிலில் காட்டினால் நேர்ப்படம் கிடைக்கும். ஓர் எதிர்ப்படத்திலிருந்து எத்தனை படிகள் வேண்டுமாயினும் எடுக்கலாம். அச்சிடுதல் என்னும் சொல் நிழற்படத்தோடு இணைந்தது இவ்வாறே.

ஒளிபடாத வெள்ளி உப்பு தாளிலேயே தங்கினால் படம் முழுதும் கறுத்துவிடும். அதனைக் கரைத்து நீக்க ஹைப்போ என்னும் உப்பு உதவும் என்று காட்டியவர் வானியல் அறிஞர் ஹெர்ஷல். ஆனால் அந்த ஹைப்போவையும் நீரில் நன்கு அலசிக் களையவேண்டும். அலசல் குறைந்தால் தங்கிய ஹைப்போவே நாளடைவில் வெள்ளியைத் தின்று படத்தை மஞ்சளாக்கும். 1844 முதல் 1846 வரை டால்பட் பகுதி பகுதியாக வெளியிட்ட 'இயற்கையின் எழுதுகோல்' என்ற நூலில், அச்சிட்ட நிழற்படங்களையே ஒட்டியிருந்தார். அவற்றுட் பல சில ஆண்டுகளிலேயே மங்கலாயின.

மங்கும் நோய் எங்கும் பரவியதைக் கண்டு, 1855-ஆம் ஆண்டில் லண்டன் நிழற்படச் சங்கத்தார் அதனை ஆராயவென்றே ஒரு குழுவை அமைத்தனர். விக்டோரியா அரசியாரின் கணவர் ஆல்பர்ட் அதற்குப் பொருளுதவி செய்தார். களையப்படாத ஹைப்போ, காற்றிலுள்ள கந்தகம், ஈரம் ஆகியவையே காரணம் என்று குழுவினர் கண்டறிந்தனர். படம் மங்குவது தலைவிதியன்று, தடுக்கக்கூடிய வினையே என்பது அன்றே தெளிவாயிற்று. ரயில்வே அலுவலர்க்குப் பழக்கமான செய்தி ஒன்றையும் இங்குச் சேர்த்துச் சொல்லலாம். பாலங்களுக்கும் நிலையங்களுக்கும் பொறியாளர் வைத்திருந்த நீலநிற வரைபடப் பிரதியும் நிழற்பட அச்சே. 1842-ஆம் ஆண்டில் அதனைக் கண்டவரும் அந்த ஹெர்ஷலே. வெள்ளிக்குப் பதிலாக இரும்பு உப்பைப் பயன்படுத்துவது அம்முறை.

தென்னாட்டில் பெருமுயற்சி

இக்கலை நம் நாட்டுக்கு வரக் காலம் தாழ்க்கவில்லை. 1840-ஆம் ஆண்டிலேயே தகேரின் கருவி கல்கத்தாவில் விற்பனைக்கு விளம்பரம் செய்யப்பட்டது. 1854-இல் பம்பாயிலும், 1856-இல் கல்கத்தாவிலும் சென்னையிலும் நிழற்படச் சங்கங்கள் தோன்றின. சென்னைச் சங்கம் தோன்ற முன்னின்றவர், அந்நகரில் ஓவியப் பள்ளியை நிறுவிய அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர்.

சென்னை அரசாங்கத்தின் நிழற்படக்காரராக அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப் என்ற படைத்தலைவரின் உழைப்பைத் தமிழர் மறத்தலாகாது. 1857-ஆம் ஆண்டின் இறுதியில் புறப்பட்டு, திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை ஆகிய ஊர்களின் கோயில்களையும் கோட்டைகளையும் அரண்மனைகளையும் அவர் படம் பிடித்தார். நம் நாட்டு வெப்பத்தைத் தாங்கும்பொருட்டு மெழுகூட்டிய பெரிய தாள்களையே எதிர்ப்படத்துக்குப் பயன்படுத்தினார். வெளுத்துப் போகும் வானத்துக்கு எதிர்ப்படத்தின்மீது கையாலேயே மேகம் தீட்டினார். தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுக்களைத் துண்டு துண்டாக எடுத்து, 21 அச்சுக்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படச்சுருளாக்கினார். வண்டிப் பயணமும் இருட்டுக் கூடாரமும் கிணற்று நீரும் கொண்டு செய்த வேலை இது என்பதை நினைந்தால் வியப்பு மேலிடும். 1859-இல் ஆளுநராக வந்த டிரெவெலியன், இத்தகைய செலவு ஆடம்பரமென்று கருதி அத்துறையை நிறுத்திவிட்டார். அரசாங்கச் சிக்கன உத்தரவு எக்காலத்துக்கும் பொது என்பதை நம் அலுவலக அன்பர்கள் அறிவார்கள்!

ஆயினும் டிரைப் எடுத்த படங்கள் நூற்றறுபது ஆண்டுகள் கடந்தும் வாழ்கின்றன. காரணம் யாது? அச்சுக்களை அவர் பொறுமையோடு செய்து, கெட்டித் தாளில் ஒட்டித் தொகுதிகளாக்கினார். நூலகங்களும் அருங்காட்சியகங்களும் அவற்றை வெளிச்சம் படாமல் பேணின. செய்தவரின் ஒழுங்கும் காப்பவரின் ஒழுங்கும் சேர்ந்தாலன்றிப் படம் நிலையாது.

அந்நாளில் பெரும்பாலும் வழங்கிய தாள், 1850-ஆம் ஆண்டில் பிளாங்கார்-எவ்ரார் என்ற பிரெஞ்சுக்காரர் அறிமுகப்படுத்திய முட்டை வெண்கருத் தாள். வெண்கருவை மெல்லிய தாளில் பூசி, வெள்ளி உப்பேற்றி, வெயிலில் அச்சிட்டு, பொன் கரைசலில் நனைத்து நிறம் ஏற்றுவார்கள். இத்தாளுக்கென ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து ஆலை ஒன்றில் மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 60,000 முட்டைகள் உடைக்கப்பட்டனவாம். அத்தாள் மிக மெல்லியதாகையால் தானே சுருண்டுகொள்ளும். எனவே அதனை அட்டையில் ஒட்டியே தீரவேண்டும். 1854-இல் டிஸ்டேரி என்பார் உரிமை பெற்ற சிற்றட்டைப் படமும், 1866-ஐ ஒட்டிப் பரவிய 'காபினெட்' என்னும் பேரட்டைப் படமும் இவ்வாறே தோன்றின. இங்கேதான் கேடும் புகுந்தது. மலிவான மரக்கூழ் அட்டையில் உள்ள அமிலம் மெல்ல மெல்லப் படத்துக்குள் ஏறி, வெண்மையைப் பழுப்பாக்கியது. படத்தைத் தாங்க வந்த அட்டையே அதற்குப் பகையாயிற்று!

நம் நகரத்துக் கலைஞர்

செகந்திராபாத்தில் வாழும் நமக்குப் பெருமை தரும் பெயர் லாலா தீன்தயாள். 1844-ஆம் ஆண்டில் மீரட்டை அடுத்த சர்தானாவில் பிறந்து, ரூர்க்கிப் பொறியியற் கல்லூரியில் பயின்று, இந்தூரில் பொதுப்பணித் துறையில் மதிப்பீட்டாளராகவும் வரைவாளராகவும் பணியாற்றியவர் அவர். அஃதாவது நம்மைப் போல அலுவலக மேசையில் அமர்ந்து ஊதியம் பெற்றவரே. 1874-ஐ ஒட்டி ஓய்வு நேரத்தில் தொடங்கிய இக்கலை, அவரை வைசிராயின் நிழற்படக்காரராகவும் ஆறாம் நிஜாம் மகபூப் அலிகானின் அரசவைக் கலைஞராகவும் உயர்த்தியது. 1880-களின் பிற்பகுதியில் நம் செகந்திராபாத்தில் தம் நிழற்பட நிலையத்தை நிறுவினார். 1892-இல் கோஷா மாதர்க்கென ஐதராபாத்தில் தனி நிலையம் தொடங்கி, பெண்மணி ஒருவரையே அதற்குத் தலைமையாக அமர்த்தினார். 1894-இல் நிஜாம் அவருக்கு 'ராஜா முசவ்விர் ஜங்' என்ற பட்டத்தை வழங்கினார். 1905-இல் அவர் மறைந்தார்.

தீன்தயாளின் வரலாற்றில் நம் பொருளுக்கு வேண்டிய செய்தி இரண்டு. முதலாவது: சாஞ்சி, குவாலியர் முதலிய இடங்களில் அவர் எடுத்த படங்களைக் கொண்டு லெப்பல் கிரிஃபின் 1886-இல் வெளியிட்ட 'மத்திய இந்தியாவின் புகழ்பெற்ற நினைவுச் சின்னங்கள்' என்னும் நூலில், படங்கள் 'ஆட்டோடைப்' என்ற நிலைத்த முறையில் அச்சிடப்பட்டன. இது 1864-இல் ஸ்வான் என்பார் செம்மைப்படுத்திய கரி அச்சு முறையாகும். விளக்குக் கரி போன்ற நிறப்பொடியைப் பசையிற் கலந்து பூசிய தாளில் ஒளி பட்ட இடம் இறுகும். ஒளி படாத இடம் வெந்நீரில் கரைந்து போகும். எஞ்சுவது கரியே. வெள்ளி கெடலாம், சாயம் வெளிறலாம், கரி கெடுவதில்லை. ஓலைச்சுவடியின் கீறல்களில் கரியும் மையும் பூசிய நம் முன்னோர்க்கு இது புதுச்செய்தியன்று.

இரண்டாவது: அவர் குடும்பத்தார் பேணிவைத்த கண்ணாடி எதிர்ப்படங்கள் 2,857-ஐ, 1989-ஆம் ஆண்டில் தில்லியிலுள்ள இந்திரா காந்தி தேசியக் கலை மையம் பெற்றுக்கொண்டது. எதிர்ப்படம் பிழைத்தால் படமும் பிழைக்கும். இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. 1863-இல் இந்தியாவுக்கு வந்த சாமுவேல் போர்ன் பெயரால் விளங்கிய கல்கத்தாவின் போர்ன்–ஷெப்பர்டு நிலையத்தில் 1991-இல் நேர்ந்த தீயில், நூற்றாண்டுத் தொகுப்பின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. 2016-இல் அந்நிலையமே மூடப்பட்டது. உலகெங்கும் பரவியிருந்த அச்சுப் படிகளே அதன் பெயரை இன்று காத்து நிற்கின்றன. ஒரே இடத்தில் ஒரே பிரதியாக வைப்பதன் இடர் இதனாற் புலனாகும்.

வெள்ளித் தாளும் வண்ணத் தாளும்

1871-இல் மாடக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் உலர்ந்த ஜெலட்டின் பூச்சு முறையைக் கண்டார். அதன் வழியே நாம் 'புரோமைடு' என்று வழங்கும் தாள் பிறந்தது. வெயில் வேண்டுவதில்லை, இருட்டறையில் விளக்கொளியிலேயே சிறு எதிர்ப்படத்தைப் பெரிதாக்கி அச்சிடலாம். கெட்டியான தாளின்மேல் பேரியம் என்னும் வெண்சுண்ணம் பூசி, அதன்மேல் வெள்ளிப் பூச்சு இட்டமையால், தாளின் அழுக்கு படத்தை எட்டவில்லை. நன்கு அலசிய புரோமைடுப் படம் நூறாண்டு நிற்கும். நம் பாட்டனார் படம் தெளிவாக இருப்பதன் இரகசியம் இதுவே. சிற்றூர் நிலையத்தில் தொட்டி தொட்டியாக நீர் மாற்றி அலசிய பெயரறியாத் தொழிலாளியின் நேர்மை அப்படத்தில் இன்னும் விளங்குகின்றது.

இத்தாளையும் படச்சுருளையும் நாமே ஆக்கவேண்டுமென்று 1960-இல் உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசுத் தொழிற்சாலை நிறுவப்பட்டு, 1967-இல் உற்பத்தி தொடங்கியது. 'இந்து' என்ற பெயரில் வந்த அதன் பொருள்களை முதியோர் அறிவார்கள். டிஜிட்டல் முறை வந்தபின் அது நலிவுற்று முடிவில் மூடப்பட்டது.

வண்ணப் படத்தின் கதை வேறு. அதில் வெள்ளி இறுதியில் நீங்கிவிடும். எஞ்சுவன மஞ்சள், செந்நீலம், பசுநீலம் என்னும் மூன்று சாயங்களே. சாயம் ஒளியிலும் வெளிறும். வெப்பத்தால் இருட்டிலும் வெளிறும். 1970, 80-களின் பல தாள்களில் பசுநீலச் சாயம் விரைந்து மங்கவே, எஞ்சியவை செம்மை காட்டின. நம் குழந்தைப் பருவப் படம் செம்மண் நிறமானது இவ்வாறே. அக்காலத்தில் விரும்பி வாங்கிய ஒட்டும் பக்கமுள்ள ஆல்பங்கள் இந்நோயை வளர்த்தன. அவற்றின் பசையும் பிளாஸ்டிக் உறையும் படத்தோடு ஒட்டிக்கொண்டு, எடுக்கவும் விடா, வைக்கவும் விடா. பின்வந்த தாள்களில் சாயங்கள் திருந்தின என்பதையும் நடுநிலையோடு கூறவேண்டும்.

சட்டம் நம் வீட்டுக்கு வந்த வழி

சட்டமிட்ட படத்தை நம் இல்லங்களிற் பரப்பியது நிழற்படம் மட்டுமன்று. தஞ்சாவூர்ப் பாணித் தெய்வப் படங்கள் பலகையிலும் கண்ணாடியிலும் எழுதப்பட்டுச் சட்டத்தோடு பூசையறையில் விளங்கின. இரவிவர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்து இலட்சுமியும் சரசுவதியும் வண்ணக் கல்லச்சில் வெளிவந்து, எளிய இல்லத்திலும் குடியேறினர். செட்டிநாட்டு இல்லங்களில் அப்படங்களுக்குச் சரிகையும் பட்டுத் துணியும் ஒட்டி அலங்கரித்தார்கள். தெய்வப் படத்துக்குச் சட்டம் போட்ட கடைக்காரரே தாத்தா படத்துக்கும் சட்டம் போட்டார். அலுவலகத்தில் ஓய்வு பெறுபவரை மாலையோடு நடுவில் அமர்த்தி எடுத்து, கீழே பெயர்களை அச்சிட்ட சாம்பல்நிற அட்டையில் ஒட்டிய குழுப்படத்துக்கும் அவரே சட்டம் போட்டார்.

அக்கடைகளின் வேலைப்பாடு வலுவானது. தேக்குச் சட்டம் தலைமுறை தாங்கும். ஆனால் படத்தைக் கண்ணாடியோடு ஒட்டவைத்து, பின்னால் பழைய செய்தித்தாளும் ஒட்டுப்பலகையும் வைத்து ஆணி அறைவது வழக்கமாயிற்று. செய்தித்தாளில் மரத்திலுள்ள லிக்னின் என்னும் பொருள் களையப்படாது எஞ்சியுள்ளது. அது மஞ்சளித்து அமிலத்தைக் கக்கும். மழைக்காலத்தில் ஈரம் புகுந்தால் படத்தின் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிவிடும். 1855-ஆம் ஆண்டுக் குழுவினர் சொன்ன பகைவருள் ஈரம் இன்றும் நம் சுவரிலேயே இருக்கின்றது.

இன்று நமக்குள்ள வழிகள்

இன்று படம் அச்சிடப் பல வழிகள் உள. முதலாவது, கடைவீதி லேப்புகளில் போடும் வண்ணத் தாள் அச்சு. வெள்ளி உப்பும் சாயமும் கொண்ட, பிளாஸ்டிக் மேற்பூச்சுள்ள தாள் அது. விலை மலிவு, ஆல்பத்துக்கும் உறவினர்க்கு அனுப்பவும் ஏற்றது. இரண்டாவது, நிறமி மை கொண்டு பருத்தித் தாளில் பொறி அச்சிடுவது. 2000-ஆம் ஆண்டை ஒட்டி இது செம்மையுற்றது. சாயம் நீரிற் கரையும். நிறமியோ நுண்ணிய பொடியாகத் தாளில் தங்கும். ஸ்வான் கரியைக் கொண்டு செய்ததையே இன்று பொறி பல நிறங்களைக் கொண்டு செய்கின்றது. விலை கூடுதலாயினும், சுவரில் மாட்டும் ஒரு நல்ல படத்துக்கு இதுவே தக்கது. மூன்றாவது, கித்தான் துணியில் அச்சிட்டு மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டுவது. கண்ணாடி வேண்டாமையால் ஒளி பளபளக்காது. ஆனால் தூசும் சமையலறைப் புகையும் நேரே படியும். நான்காவது, அலுமினியத் தகட்டிலோ அக்ரிலிக் பலகையின் பின்னோ ஒட்டுவது. பார்வைக்கு மிக அழகு. ஒட்டியபின் பிரிக்க இயலாது. ஆதலால் ஒரே பிரதியாக உள்ள பழம்படத்தை ஒருபோதும் அவ்வாறு ஒட்டலாகாது.

தாளின் மேற்பரப்பையும் எண்ணித் தேர்தல் வேண்டும். பளபளப்பான தாள் கறுப்பை ஆழமாகக் காட்டும். சன்னலுக்கு எதிரே மாட்டினால் நம் முகமே அதில் தெரியும். மங்கல் தாள் அமைதியாகத் தோன்றும். விரல்தடம் எளிதிற் படாது. முதியோர் உருவங்களுக்கு மங்கல் தாளே பொருத்தம் என்பது நம் கருத்து.

சட்டத்துக்கு வருவோம். படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே நடுவில் சாளரம் வெட்டிய 'மவுண்ட்' அட்டை அவசியம். அது அழகுக்கு மட்டுமன்று. படம் கண்ணாடியைத் தொடாமல் காற்றிடைவெளி தருவதே அதன் தலையாய தொழில். ஒன்றரை மில்லிமீட்டர்க் கனமும், நாற்புறமும் இரண்டு மூன்று அங்குல அகலமும் போதும். கீழ்ப்புறம் சற்று அகன்றால் கண்ணுக்கு நிறைவு. அந்த அட்டையும் பின் அட்டையும் அமிலமற்றவையாக இருத்தல் வேண்டும் என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். படத்தை முழுதும் பசை பூசி ஒட்டாமல், மேல்விளிம்பில் மட்டும் மெல்லிய தாள்கீலால், கோதுமைப் பசை கொண்டு தொங்கவிடுதல் முறை. செலோடேப் கூடவே கூடாது. அதன் கறை நீங்காது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி கிடைத்தால் நன்று. அதுவும் காணும் ஒளியைத் தடுக்காது. எனவே வெயில் படும் சுவரைத் தவிர்ப்பதே பெரிய காப்பு. சட்டத்தின் பின்மூலைகளில் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டினால் சுவரின் ஈரம் படத்துக்கு ஏறாது, காற்றும் உலவும். குளியலறைச் சுவரின் மறுபுறம் படம் மாட்டலாகாது. ஈர மலர்மாலையின் நீர் சட்டத்தின் இடுக்கில் இறங்கும். ஆகையால் நினைவு நாள் கழிந்ததும் மாலையை எடுத்துவிடுதல் நலம்.

கண்ணாடியோடு ஒட்டிவிட்ட பழம்படத்தை உரித்தெடுக்க முயல்வோர் பலர். முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். அதனை அப்படியே கண்ணாடியோடு படியெடுப்பதுதான் அறிவுடைமை. மூலப்படத்தை அமிலமற்ற உறையிலிட்டு அலமாரியில் இருட்டில் வைத்து, அதன் பிரதியையே சுவரில் மாட்டவேண்டும். எட்டுக்குப் பத்து அங்குலப் படி வேண்டின், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 2,400-க்கு 3,000 புள்ளிகள் தேவை. வாட்ஸப்பில் வந்த படம் சுருக்கப்பட்டதாகையால் பெரும்பாலும் அதற்குப் போதாது. மூலக்கோப்பையே கேட்டுப் பெறுதல் வேண்டும்.

ஒரு வேண்டுகோள்

நம் கையிலுள்ள தொலைபேசியில் ஆயிரக்கணக்கான படங்கள் அடங்கியிருக்கின்றன. அவற்றுள் அச்சாகித் தாளில் நிற்பவை எத்தனை? கருவி பழுதுற்றாலோ கடவுச்சொல் மறந்தாலோ ஒரு குடும்பத்தின் பத்தாண்டு மறைந்துபோகும். போர்ன்–ஷெப்பர்டு தொகுப்புக்குத் தீ செய்ததை, நம் படங்களுக்கு ஒரு பழுதே செய்துவிடும். ஆண்டுக்கு ஐந்து படங்களையேனும் நல்ல தாளில் அச்சிட்டு வைப்பது குடும்பத் தலைவர்க்குக் கடமையாகும்.

மற்றொன்றும் சொல்வோம். மங்காத படமும் பெயரில்லையேல் ஊமையே. மாற்றல் உத்தரவோடு ஊர் ஊராகச் சென்ற நம்மில் பலருக்கு நிலமும் வீடும் ஊரில் இல்லை. பாட்டனார் எந்த ஊர், பாட்டியார் பெயர் என்ன என்று நம் மக்கள் அறிய இப்படங்களே சான்று. தெலுங்கும் இந்தியும் ஆங்கிலமும் பயிலும் நம் குழந்தைகளுக்கு, அந்தப் படத்தின் பின்புறம் தமிழில் எழுதிய ஒரு பெயரே முதற் பாடமாகலாம். ஆகவே ஒவ்வொரு படத்தின் பின்னும் மென்மையான பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு எழுதுங்கள். பிளாஸ்டிக் பூசிய தாளில் பென்சில் பிடிக்காது. அதற்குப் பின் அட்டையில் எழுதலாம். எழுதத் தெரிந்த பெரியோர் உள்ளபோதே கேட்டு எழுதிவிடுதல் வேண்டும். அவர்கள் மறைந்தபின் எந்த அருங்காட்சியகமும் அப்பெயரை மீட்டுத் தர இயலாது.

நம் சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். தொடக்க கால ஆண்டு விழாக்களின் குழுப்படங்கள் மன்றத்துச் சுவரில் மங்கிக்கொண்டிருக்கின்றன. முன்வரிசையில் அமர்ந்திருப்போர் பெயர் சொல்ல இன்று ஓரிரு முதியோரே உளர். வரும் ஆண்டு விழாவுக்குள் அப்படங்களைப் படியெடுத்து, பெயர்ப் பட்டியலோடு நல்ல தாளில் அச்சிட்டு, முறைப்படி சட்டமிட்டு மாட்டுவதென்று செயற்குழு தீர்மானித்தல் வேண்டும். ஒவ்வொரு குடும்பத்தாரும் தம் வீட்டுப் பழம்படம் ஒன்றைப் படியெடுக்கத் தந்தால், செகந்திராபாத்தில் தமிழர் வாழ்ந்த வரலாறு ஒரு தொகுதியாகிவிடும். படியெடுக்கும் பணிக்கும் பெயர் எழுதும் பணிக்கும் விடுமுறை நாள்களில் நம் உழைப்பைத் தர நாம் அணியமாயிருக்கின்றோம். அன்பர்களும் முன்வருவார்களாக.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!